கொட்டும் சொல்லும்

நம்மிடையே பாட்டு எழுதுவோர் தொகை பெருகியிருக்கின்றது. பாடசாலை விழாவிற்கு ஒரு பாட்டு, மே தினத்திற்கு ஒரு பாட்டு, மீனவர் சங்கக் கூட்டத்திற்கு ஒரு பாட்டு, காணி மீட்புப் போராட்டத்திற்கு ஒரு பாட்டு என்று எழுதப்படுபவை பல. அவை பற்றி நிகழும் விவாதங்களும் பல. சொல் எளிதாயிருக்கின்றதா, கருத்து நேரியதா, மெட்டு சினிமாவிலிருந்து எடுக்கப்பட்டதா என்றெல்லாம் கேட்கின்றோம். ஆனால் அப்பாட்டின் அடியிலே ஒலிக்கும் கொட்டு எங்கிருந்து வந்தது, அது அப்பாட்டுக்கு என்ன செய்கின்றது என்று கேட்பவரை நாம் அரிதாகவே கண்டிருக்கின்றோம். யாரோ ஒருவர் தாளம் போட்டால் போதும் என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் தவறானது. அத்தவறு இசைநுட்பத்தோடு நின்றுவிடுவதுமன்று. நமது சமூகப் பார்வையில் உள்ள ஒரு குறையையும் அது காட்டிக்கொடுக்கின்றது. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது சொந்த அனுபவம் ஒன்றிலிருந்தே தொடங்குவோம். ஈச்சிலம்பற்றுப் பகுதியில் நாம் கற்பிக்கும் பாடசாலையில், தமிழ்த்தினப் போட்டிக்கென மாணவர் சிலர் கரைவலை இழுப்போர் பற்றி ஒரு பாட்டு இயற்றினர். கருத்து நன்று, சொற்களும் அவர்கள் கடற்கரையில் அன்றாடம் கேட்டவை. கொட்டுக்கு மட்டும் கைபேசியிலிருந்து ஆயத்தமான தாளச் சுழல் ஒன்றை இறக்கி, அதன்மேல் பாடினர். ஒலி பெரிதாயிருந்தது, தாளம் மயிரிழையும் பிசகவில்லை. நாமும் மகிழ்ந்தோம். ஒத்திகை நடந்த ஒரு மாலையில், பேரனை அழைத்துச் செல்ல வந்த முதியவர் ஒருவர் வாசலில் நின்று முழுப் பாட்டையும் கேட்டார். இளமையில் கூத்துக்கு மத்தளம் அடித்தவர் அவர். பாட்டு முடிந்ததும் எம்மைப் பார்த்து, "பாட்டு நடக்குது வாத்தியார், கொட்டு நிண்ட இடத்திலேயே நிக்குது" என்றார்.

முதலில் எமக்குச் சினமே உண்டாயிற்று. பின்னர் வீடு சேர்ந்து அப்பாட்டை மீண்டும் மனத்துள் ஓட்டிப் பார்த்தபோதுதான் அவர் கூறியதன் உண்மை விளங்கியது. வலையை வளைத்துக் கடலில் விடும் அடியிலும் அதே கொட்டு. இழுக்கும் அடியிலும் அதே கொட்டு. வெறும் மடி கரையேறுகின்றபோதும் அதே கொட்டு. பாட்டில் வரும் மனிதர் உழைத்தனர், களைத்தனர், ஏமாந்தனர். கொட்டோ எதையும் அறியவில்லை. திருமண வீட்டிலும் தேர்தல் மேடையிலும் அது அவ்வாறே ஒலித்திருக்கும்.

பழந்தமிழர் கொட்டை இவ்வாறு கருதவில்லை என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், தொழில் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணினார். பிற்கால இலக்கண நூல்கள் இதனை விரித்துரைக்கின்றன. மலைநிலத்திற்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, வயல்நிலத்திற்கு நெல்லரிகிணை, கடற்கரைக்கு மீன்கோட்பறை. மண்ணுக்கும் தொழிலுக்கும் ஏற்பக் கொட்டு வேறுபடும் என்பதே இப்பாகுபாட்டின் உட்பொருள். நெல்லரிவோர் கை அசையும் வேகம் வேறு. வலை இழுப்போர் கால் பின்வைக்கும் வேகம் வேறு. உழைப்பின் அசைவிலிருந்து தாளம் பிறந்தது என்று இன்றைய ஆய்வாளர் கூறுவதை, அன்றைய இலக்கணம் தன் வழியிலே பதிவு செய்துள்ளது எனலாம்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் தண்ணுமை முதல்வனின் இலக்கணம் கூறப்படும் இடமும் மனங்கொளத்தக்கது. ஆடலும் பாடலும் தாளமும் அறிந்தவனாக இருப்பதோடு மொழியும் அறிந்தவனாக அவன் இருத்தல் வேண்டும் என்று இளங்கோ எதிர்பார்க்கின்றார். மேலும், பிற கருவிகளின் ஒலி குறையும் இடத்தில் நிரப்பவும் மிகும் இடத்தில் தன் கையை அடக்கவும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆக்குதல், அடக்குதல் என்னும் இரண்டையும் ஒரே மூச்சில் கூறிய அந்நுட்பத்தை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். இன்று நம் மேடைகளில் கேட்பது பெரும்பாலும் ஆக்குதலே, அடக்குதல் அருகிவிட்டது.

இனி நமது மண்ணுக்கே வருவோம். வெருகலாற்றுக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் மக்கள் நிருவாகத்தால் திருகோணமலை, மட்டக்களப்பு என்று இரு மாவட்டத்தவராயினும், கூத்து மரபிலே ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவினர். வடமோடி, தென்மோடி எனப்படும் அக்கூத்துகளில் பாட்டும் கொட்டும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை ஆராய்ந்தால், பாட்டெழுதுவோர் கற்றுக்கொள்ளத்தக்க பாடம் ஒன்று கிடைக்கின்றது.

கூத்துப் பழகுவோருக்கு அண்ணாவியார் முதலிற் கொடுப்பது பாட்டன்று, தாளக்கட்டு. தக, திமி, தாம், தெய் முதலிய ஒலிகளாலான சொற்கட்டை அவர் வாயாற் சொல்வார். அதையே மத்தளத்தில் அடிப்பார். அதையே கூத்தன் காலால் மிதிப்பான். வாய், கை, கால் என்ற மூன்றும் ஒன்றாகும்வரை பாட்டு காத்திருக்கும். பாத்திரத்திற்குப் பாத்திரம் வரவுத் தாளம் வேறுபடும். அரசன் களரிக்கு வரும் தாளத்தில் அரசி வரமாட்டாள். வேடன் வரும் தாளத்தில் முனிவன் வரமாட்டான். வருபவன் வாய்திறந்து தன்னை அறிவிக்கும் முன்பே, இருளில் அமர்ந்திருக்கும் பார்வையாளன் மத்தளத்தைக் கேட்டு வருபவன் இன்னானென அறிந்துகொள்வான். வரவு முடிந்ததும் வீசாணம், எட்டு, பொடியடி, நாலடி, பாய்ச்சல், உலா என ஆட்டமுறைகள் மாறும்போதெல்லாம் கொட்டும் மாறும். பின்னர் தரு பாடப்படும்போது, கூத்தன் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுவர். அந்த ஏற்புக்கும் அடுத்த அடிக்கும் இடையே மத்தளம் தன் பேச்சைப் பேசும்.

வட்டக்களரியில் அண்ணாவியார் நிற்கும் இடமும் கருதத்தக்கது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்க, அவர் மத்தளத்தோடு களரியின் நடுவே நிற்கின்றார்; கூத்தர் அவரைச் சுற்றி ஆடுகின்றனர். கொட்டு அங்கே திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும் துணைக்கருவியன்று. எல்லாம் சுற்றிவரும் அச்சு அது. இன்றைய மேடையில் பாடகர் முன்னே நிற்க, கொட்டுவோர் பின்வரிசையின் மூலையில் அமர்த்தப்படுகின்றனர். இட மாற்றத்தோடு மதிப்பும் மாறியிருக்கின்றது.

இம்மரபின் ஆற்றலைச் சிங்களக் கலைஞரும் அறிந்திருந்தனர். எதிரிவீர சரச்சந்திர 1956 ஆம் ஆண்டில் 'மனமே' நாடகத்தை அரங்கேற்றியபோது, தமிழ்க் கூத்தோடு உறவுடைய 'நாடகம' மரபையே தளமாகக் கொண்டார். அந்நாடக மரபிற்குரிய மத்தளத்தைச் சிங்கள மக்கள் 'தெமள பெரய' - தமிழ் மேளம் - என்று வழங்குவதுண்டு. இரு இனத்தவரும் ஒரே கொட்டிற்கு ஆடியிருக்கின்றனர் என்பதைப் பெயரே சொல்லிக்கொண்டிருக்கின்றது.

தமிழ்ப்புறத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலிவதை' ஆகியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணித்தியாலங்களுக்குள் சுருக்கப்பட்டது. படித்த நகரத்தார் கூத்தை மதிக்கத் தொடங்கியது இம்முயற்சியின் பயனே. அதிலும் 'இராவணேசன்' தனித்துக் குறிப்பிடத்தக்கது. சி. மௌனகுரு இராவணனாக ஆடிய அந்நாடகத்தில், போருக்கும் வரவுக்கும் மட்டுமே பயன்பட்டுவந்த வடமோடித் தாளக்கட்டு ஒரு மனிதனின் உள்ளக் கொதிப்பைக் காட்டவும் பயன்பட்டது. பழைய கொட்டு புதிய பொருளை உரைக்க வல்லது என்பது அதனால் உறுதியாயிற்று. 1960களின் இறுதியில் மௌனகுரு 'சங்காரம்' மூலம் அதே வடமோடியைச் சமுதாய முரண்பாடுகளைக் காட்டும் கருவியாக்கினார். என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' ஆலயப் பிரவேசப் போராட்டத்தைக் காத்தவராயன் கூத்துப் பாணியில் மக்கள்முன் வைத்தது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க இயலாது. சுருக்கத்தில் இழப்பும் உண்டு. ஊர்க் களரியில் ஒரு தாளக்கட்டு மெதுவே தொடங்கிக் காலம் ஏறி உச்சத்தை அடையப் பொழுது இருந்தது. மேடையில் அப்பொழுது இல்லை. உச்சம் உடனே வேண்டியதாயிற்று. பின்வந்த பலர் இதனையே இலக்கணமாகக் கொண்டு, தொடக்கம் முதல் முடிவுவரை உரத்த கொட்டையே 'கூத்துப் பாணி' என்று கருதலாயினர். முன்னோடிகளின் குற்றமன்று இது. அவர்கள் சுருக்கியதன் காரணத்தை அறியாது சுருக்கத்தை மட்டும் பின்பற்றியோரின் குற்றம்.

சரி, பாட்டெழுத முனையும் ஓர் ஆசிரியனோ மாணவனோ இவற்றிலிருந்து செய்முறையாகக் கற்பது யாது? சில அடிப்படைகளைத் தொட்டுக் காட்டுவோம்.

முதலாவது, நடை. நம் தாளமரபில் மும்மை, நான்மை, ஐம்மை, எழுமை, ஒன்பான்மை என ஐந்து நடைகள் உண்டு. தகிட மூன்று, தகதிமி நான்கு, தக தகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு, தகதிமி தக தகிட ஒன்பது. சிந்துப் பாக்களை ஆராய்ந்த புலவர் இரா. திருமுருகன், அவற்றின் அசையை மரபு யாப்பின் நேர், நிரை கொண்டு அளக்கவியலாது, தாளத்தின் எண்ணிக்கை கொண்டே அளக்கவேண்டும் என்று நிறுவினார். குறிலோ நெடிலோ, ஒற்று அடுத்து வரினும் வராவிடினும், ஓர் எழுத்து ஓர் அசையாகும். இவ்வளவு தெரிந்தால் எவரும் தம் வரியைத் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

ஒரே கருத்தை நான்கு நடைகளில் அமைத்துக் காட்டுவோம். 'கடலின் மடியில் வலையை விரித்தோம்' என்பது மும்மை. க-ட-லின், ம-டி-யில் என மூன்று மூன்றாக ஊசலாடும். கும்மிக்கும் தாலாட்டுக்கும் பழகிய காது இதனை உடனே ஏற்கும். 'கடலினில் வலையினை விரித்தவர் பசித்தனர்' என்பது நான்மை. நேராக நடக்கும், அணிவகுத்தும் செல்லும். 'கடல் மடியில், வலை விரித்தோம்' என்பது ஐம்மை. இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து, கால் ஒன்று இடறிய மனிதன்போல் நடக்கும். 'கடலின் மடியினில், வலையை விரித்தவர்' என்பது எழுமை. மூன்றில் தயங்கி நான்கில் நீளும். கதை சொல்லுதற்கு ஏற்றது. சொற்கள் ஏறக்குறைய அவையே. மனிதர் மட்டும் மாறிவிட்டனர். முதலாவதில் அவர்கள் பாடிக்கொண்டு தொழில் செய்கின்றனர். இரண்டாவதில் ஊர்வலம் போகின்றனர். மூன்றாவதில் களைத்து வீடு திரும்புகின்றனர். நான்காவதில் தம் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கின்றனர். எதை வேண்டுகின்றோம் என்று முடிவு செய்யாமல் கொட்டைத் தெரிவது, யாருக்கு என்று அறியாமல் சட்டை தைப்பது போன்றது.

நம் முற்போக்குப் பாட்டுகளில் நான்மை நடையே மிகுந்திருப்பதை இங்குக் குறிப்பிடவேண்டும். எழுச்சிக்கு அதுவே உரியது என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கின்றது. ஊர்வலத்திற்கு அது பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பறிகொடுத்த காணியை நினைத்து விம்மும் ஒரு தாயின் பாட்டுக்கும் அதையே அடிக்கும்போது, அவளை நாம் வரிசையில் நிறுத்துகின்றோம். அவள் சொல்வதைக் கேட்கவில்லை. பாரதி இதனை உணர்ந்திருந்தான். 1912 இல் முதற் பாகம் வெளிவந்த 'பாஞ்சாலி சபத'த்தில் அவன் பெரிதும் கையாண்ட நொண்டிச் சிந்து, மக்கள் நாவில் பழகிய சந்தம். புராணக் கதையை அடிமை நாட்டின் கதையாக மாற்றிய அப்பெருங்கவிஞன், அதற்கேற்ற நடையை அரண்மனையிலிருந்தன்றித் தெருவிலிருந்து எடுத்தான்.

இரண்டாவது, அடி விழும் இடம். ஆங்கிலம் போன்ற மொழிகளில் ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் பெறும் பகுதி ஒன்று உண்டு. அவ்வழுத்தத்தில் அவர்களின் கொட்டு விழும். தமிழில் அத்தகைய சொல்லழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை. நமக்கு அத்தொண்டைச் செய்பவை மோனையும் எதுகையும், நெடிலும் வல்லெழுத்து இரட்டிப்பும் ஆகும். மத்தளத்தின் தொப்பியில் எழும் அடியொலி மோனை எழுத்தில் விழுந்தால் அடி தொடங்குவது காதுக்குத் தெரியும். வலந்தலையின் கூரொலி எதுகையில் விழுந்தால் சொல் மின்னும். மேலைநாட்டுத் தாளச் சுழல்கள் பல இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் ஓங்கி அடிப்பவை. அவற்றின்மேல் தமிழ் அடியை வைத்தால், மோனை வரும் இடத்தில் கொட்டு மெலிந்தும், பொருளற்ற சாரியையில் கொட்டு வலிந்தும் விழக் காண்கின்றோம். மாணவரின் பாட்டில் 'வலை' மெலிந்தொலித்து 'இனை' முழங்கியதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, வெற்றிடம். அடி முழுவதையும் சொல்லால் நிரப்புவது கற்றோரின் நோய். கூத்தில் தரு முடிந்தபின் இடம் விடப்படுகின்றது. அவ்விடத்தில் கொட்டு விடையளிக்கும், கூட்டம் மூச்செடுக்கும். பாட்டெழுதுவோர் எட்டு எண்ணிக்கையில் ஆறை மட்டும் சொல்லுக்கு எடுத்து, இரண்டைக் கொட்டுக்கு விட்டுப் பார்க்கட்டும். கேட்போர் அவ்விடத்தில் தாமே கை தட்டுவர். தட்டிய பின் அது அவர்களுடைய பாட்டாகும்.

நான்காவது, அறுதி. ஒரு சிறு சொற்கட்டை மும்முறை அடித்துத் தாளவட்டத்தின் தலையில் வந்து சேர்வதைத் தீர்மானம் என்பர். பதினாறு எண்ணிக்கை கொண்ட வட்டத்தில் இரண்டாம் எண்ணிக்கையில் தொடங்கித் 'தக தகிட' என்னும் ஐந்தை மும்முறை அடித்தால், அடுத்த வட்டத்தின் முதல் எண்ணிக்கையில் அடி வந்து விழும். அங்கே எந்தச் சொல்லை வைக்கின்றோம் என்பதில் கவிஞனின் பொறுப்பு இருக்கின்றது. மூன்று முறை தேக்கிவைத்த எதிர்பார்ப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லின்மேல் இறங்கும். 'ஆகவே', 'என்றும்' போன்ற சொற்களை அங்கே வைப்போர் உண்டு. அறுவடை முழுவதையும் ஆற்றில் கொட்டுவதற்கு ஒப்பானது அது.

ஐந்தாவது, காலம். வேகம் வேறு, உணர்ச்சி வேறு. உணர்ச்சி மிகுந்ததும் வேகத்தைக் கூட்டுவது எளிய வழி. அதே வேகத்தில் நின்று, அடிகளைக் குறைத்து, ஒவ்வோர் அடிக்கும் எடை கூட்டுவது கடினமான வழி. சாவீட்டுப் பறையைக் கேட்டவர்களுக்கு இதன் வலிமையை விளக்கவேண்டியதில்லை.

இங்கே இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980 இல் ஜப்பானிய நிறுவனமான ரோலண்ட் 'டி.ஆர். 808' என்னும் தாள இயந்திரத்தை வெளியிட்டது. பின்னர் அதன் வழிவந்த ஒலிகள் உலகமெங்கும் பரவி, இன்று ஒவ்வொரு மாணவனின் கைபேசியிலும் குடிகொண்டுள்ளன. இயந்திரத்தை வெறுப்பது நம் வழியன்று. அமெரிக்கக் கறுப்பின இளைஞர் வசதியற்ற வாழ்விடையே அவ்வியந்திரத்தைக் கொண்டே தமக்கெனப் புதிய இசையொன்றைக் கட்டியெழுப்பினர். அவர்கள் அதைக் கையாண்டனர். நம் பிள்ளைகளை அது கையாளுகின்றது. வேற்றுமை அவ்வளவே. வேறு ஒருவர், வேறு ஒரு பாட்டுக்கு அமைத்த தாளச் சுழலை இறக்கி வைப்பதற்கும், தம் வரியின் சொற்கட்டை வாயாற் சொல்லிப் பார்த்து, அதனை இயந்திரத்தில் தாமே அடியடியாகப் பதிவதற்கும் இடையே மலையளவு தூரம் உண்டு. பின்னதைச் செய்பவன் கருவி எதுவாயினும் அண்ணாவியாரின் மாணவனே.

இதுவரை கூறியவை கைத்திறன் பற்றியன. இவற்றோடு கட்டுரையை முடித்துக்கொண்டால் பாதி உண்மையை மறைத்தவராவோம். கொட்டு நம்மிடையே ஏன் மதிப்பிழந்து நிற்கின்றது என்ற வினா எஞ்சியிருக்கின்றது. அதன் விடை இசையில் இல்லை, சாதியில் இருக்கின்றது.

கூத்து மத்தளத்திற்கு மாலை சூட்டிப் பூசை செய்யும் அதே ஊரில், பறைமேளம் அடிப்பவன் வாசலுக்கு வெளியே நின்றான். இரண்டிலும் இருப்பது விலங்கின் தோலே. ஒன்று கலை எனப்பட்டது. மற்றது கடமை எனப்பட்டது. கோயிலிலும் சாவீட்டிலும் பறையடிப்பது ஒரு குலத்தின்மேல் பரம்பரைத் தொண்டாகச் சுமத்தப்பட்டிருந்ததை, கிழக்கிலங்கைப் பறையறைவோர் பற்றி அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1983 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஆராய்கின்றது. இந்நிலையில் அக்குலத்து இளைஞர் பலர் பறையைக் கைவிட விரும்பியதில் வியப்பில்லை. 'அருங்கலை அழிகின்றதே' என்று அவர்களைப் பார்த்து வருந்துவோர், அக்கலையைச் சுமந்த தோள்கள் பட்ட அவமானத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. இழிவு நீங்காமல் கலை மட்டும் நீடிக்கவேண்டும் என்று கேட்பது நியாயமாகாது.

இழிவை நீக்கிக் கலையை நிலைநிறுத்த இயலும் என்பதற்கும் எடுத்துக்காட்டுகள் உள்ளன. தமிழகத்தில் கே. ஏ. குணசேகரன் (1955 - 2016) போன்றோரின் உழைப்பால் பறை ஒடுக்கப்பட்டோரின் எழுச்சிக் குரலாக மேடையேறியது. திண்டுக்கல்லைச் சேர்ந்த சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையெடுத்து அடித்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கூத்தரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்க முயற்சி, கூத்துப் பனுவல்களில் படிந்திருந்த சாதி, பால் ஏற்றத்தாழ்வுகளைக் கூத்தரோடு கூடியிருந்தே விவாதத்திற்கு எடுத்துக்கொண்டது.

ஆளும் வர்க்கத்தார் கொட்டின் ஆற்றலை நம்மைவிட நன்கு அறிந்திருந்தனர். 1739 இல் வட அமெரிக்காவின் தென் கரோலைனாவில் ஆபிரிக்க அடிமைகள் கொட்டு முழக்கத்தோடு கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டிலே இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்தது. பறிக்கப்பட்டது தோற்கருவி மட்டுமே. தாளத்தைப் பறிக்க முடியவில்லை. கையைத் தொடையிலும் மார்பிலும் தட்டி, காலால் பலகையை உதைத்து, அவர்கள் தம் உடம்பையே முரசாக்கினர். பிற்கால அமெரிக்க இசை பலவற்றின் ஊற்றுக்கண் அங்கே இருக்கின்றது.

ஈச்சிலம்பற்று மக்களும் இழப்பை அறியாதவரல்லர். 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியது. 2006 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர் அவர்களை வெருகலாற்றுக்கு அப்பால் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் துரத்தியது. 2007 முதல் மீளக் குடியமர்ந்தபோது, வீட்டில் விட்டுச்சென்ற மத்தளங்கள் பலவற்றின் தோல் மழையிலும் வெயிலிலும் கிழிந்து கிடந்தன. தகரக் கொட்டிலில் வாழ்வைத் தொடங்கியவர் மத்தளத்திற்குத் தோல் மாற்றுவதை எவ்வாறு நினைப்பர்? அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகளே இன்று நம் வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளின் மூத்தோர். கைபேசித் தாளத்தைப் பிள்ளைகள் நாடினர் என்று அவர்களைக் குறைகூறும் முன், அவர்களுக்கு வேறு எதை நாம் கையளித்தோம் என்று கேட்டுக்கொள்வது நேர்மையாகும்.

மாணவரின் பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் உண்டு. அம்முதியவரை மறுநாளே அழைத்தோம். தாளச் சுழலை நீக்கி, மேசைமேல் தட்டித் தொடங்கினோம். இழுக்கும் அடிகளுக்கு நான்மையும், வெறும் மடி கரைசேரும் அடிகளுக்கு ஐம்மையும் என அவர் வகுத்துக் கொடுத்தார். அவர் சொன்ன சொற்கட்டை எவரும் பிடிக்க இயலாமல் தடுமாறியபோது, கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவனின் விரல்கள் மேசையின் கீழே அதைப் பிழையின்றி அடித்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். மூன்று ஆண்டுகள் எம்மிடம் படித்தவன் அவன். கொட்டத் தெரியுமா என்று நாம் ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை. தெரியும் என்று அவனும் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் தன் வீட்டார் யாரென்பது வகுப்பில் பேச்சாகும் என்று அவன் அஞ்சியிருந்தான். சமத்துவம் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசிய நமக்கு, அவ்வச்சம் நம் கண்முன்னே அமர்ந்திருந்தது தெரியாமற் போயிற்று.

போட்டியில் அப்பாட்டுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஐம்மை அடிகள் வந்தபோது தாளம் தவறிவிட்டதென நடுவர் ஒருவர் கருதினார் என்று பின்னர் அறிந்தோம். ஆனால் அன்று அம்மாணவன் பின்வரிசை மூலையில் அமரவில்லை. மத்தளத்தோடு மேடையின் நடுவே நின்றான். மற்றவர் அவனைச் சுற்றி நின்று பாடினர்.

பாட்டெழுதும் ஆசிரியரையும் மாணவரையும் நாம் வேண்டுவது இதுவே. தாளை எடுக்கும் முன் உங்கள் ஊரில் கொட்டத் தெரிந்தவர் யார் என்று தேடுங்கள். அவர் எந்தத் தெருவில் இருப்பினும் அங்கே செல்லுங்கள். உங்கள் சொல்லை அவர் முன்னே சொல்லிக் காட்டி, அது எங்கே நடக்கின்றது, எங்கே நிற்கின்றது என்று அவரிடம் கேளுங்கள். அவர் பெயரைப் பாட்டெழுதியவரின் பெயரோடு சமமாக எழுதுங்கள். ஊதியம் உண்டெனில் சமமாகப் பகிருங்கள். கொட்டுபவனை ஒதுக்கிவைத்துவிட்டு அவன் கொட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் பாட்டு, எத்தனை புரட்சிச் சொற்களைச் சுமந்தாலும், நிற்கின்ற இடத்திலேயே நிற்கும்.